மழையில் அந்த மௌனம் போதும்

‘பிளேட் ரன்னர்’ படத்தின் 1982 திரையரங்கப் பதிப்பையும் 1992 இயக்குநர் பதிப்பையும் நேற்றிரவு அடுத்தடுத்துப் பார்த்தேன். கண் எரிகிறது. ஆனாலும் இதை எழுதாமல் தூக்கம் வராது. (கதை முடிவைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.)

இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் நேராக அந்த ஒற்றைக் கொம்புக் குதிரையிடம் போய்விடுகிறார்கள். அது கிளப்பும் கேள்வி இதுதான்: ரெப்ளிகன்டுகளை, அதாவது மனிதரைப்போலவே செயற்கையாகச் செய்யப்பட்டவர்களை, வேட்டையாடும் டெக்கார்ட் (ஹாரிசன் ஃபோர்டு) மனிதனா, அவனும் ரெப்ளிகன்டா? எனக்கு அதைவிட முக்கியம், கூரைக் காட்சி.

கொட்டும் மழை. கட்டடத்தின் விளிம்பில் தொங்கும் டெக்கார்டின் கை நழுவுகிறது. அவனைக் கொல்ல வந்த ரெப்ளிகன்டு ராய் பேட்டி (ரூட்கர் ஹாவர்), ஆணி குத்தியிருக்கும் கையால் அவனைப் பிடித்துத் தூக்கிப் போடுகிறான். எதிரே உட்கார்ந்து, தான் கண்டதெல்லாம் தன்னோடு போகப்போவதை நான்கு வரிகளில் சொல்கிறான். தலை கவிழ்கிறது. கையிலிருந்த புறா பறக்கிறது. ரூட்கர் ஹாவர் வேறு எதிலும் நடிக்காவிட்டாலும் இந்த ஒரு காட்சி போதும்.

1982 பதிப்பில் சரியாக இந்த இடத்தில் ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரல் நுழைகிறது. சாகும் நேரத்தில் அவனுக்கு உயிர்மீது ஆசை கூடியிருக்கும், அதனால்தான் காப்பாற்றினான் போலும் என்று விளக்கம் சொல்கிறது. பாயசத்தை வாயில் வைத்தவுடன் பக்கத்து இலைக்காரர் அதன் செய்முறையைச் சொல்ல ஆரம்பித்ததுபோல் இருந்தது. 1992 பதிப்பில் அந்தக் குரல் இல்லை. மழை, வான்கெலிஸின் இசை, பேச்சற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபோர்டின் முகம். அவ்வளவுதான்.

முன்னோட்டக் காட்சிகளில் ரசிகர்கள் குழம்பியதால் தயாரிப்புத் தரப்பு ஒட்டவைத்த குரல் அது. கூடவே ஒரு சுப முடிவு வேறு. படம் முழுக்க இருட்டிலும் மழையிலும் ஊறிய லாஸ் ஏஞ்சலிஸைக் காட்டிவிட்டு, திடீரென்று பச்சை மலைகளுக்கு நடுவே கார் போகிறது! அதற்கு குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்து மிஞ்சிய காட்சிகளைக் கேட்டு வாங்கினார்கள். 1992இல் அதுவும் போய், மின்தூக்கியின் கதவு மூடுவதோடு படம் முடிகிறது. நிம்மதி.

ஆனால் இயக்குநர் ரிட்லி ஸ்காட் தரப்பு ஒன்றைச் சேர்த்தும் விட்டது. பியானோ முன் அமர்ந்திருக்கும் டெக்கார்டின் கனவில் அந்த ஒற்றைக் கொம்புக் குதிரை ஓடி வருகிறது. சக போலீஸ்காரன் காஃப் வெள்ளித்தாளில் மடித்து வைத்துவிட்டுப் போகும் குதிரை 1982இலும் உண்டு. ஆனால் கனவும் சேர்ந்ததும், அவன் கனவு காஃபுக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி எழுந்து, ரெப்ளிகன்டுகளுக்குப்போல டெக்கார்டின் நினைவுகளும் யாரோ பொருத்தியவை என்றாகிவிடுகிறது. ஸ்காட்டும் அவன் ரெப்ளிகன்டு என்றே சொன்னார். ஃபோர்டோ மனிதனாக எண்ணியே நடித்தார். நான் ஃபோர்டு கட்சி. செய்யப்பட்டவன் பிறந்தவனுக்கு உயிர்ப்பிச்சை போடுகிறான் என்பதால்தானே அந்தக் கூரையில் தொண்டை அடைக்கிறது? இரண்டு பேரும் ஒரே பட்டறைச் சரக்கு என்றால் அதில் என்ன இருக்கிறது?

ஸ்காட் தன் முழுக் கட்டுப்பாட்டில் செய்த 2007 இறுதிப் பதிப்பிலும் குதிரை போகவில்லை, இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஓடுகிறது. அடுத்த முறை பியானோ காட்சி வந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவதாக இருக்கிறேன்.