கால் தோலா

ஆச்சி: மறைக்காமல் சொல்லு தம்பி. காலையில் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறாய்?

தம்பி: ஆறு மணிக்கு ஆச்சி. குளித்துத் துவட்டியதும் முதல் வேலை அதுதான்.

ஆச்சி: குளித்துவிட்டா? திருநீறு பூசுகிற நேரத்திலா? உன் பெண்டாட்டிக்குத் தெரியுமா?

தம்பி: தெரியாமல் என்ன? அவளுக்கும் ஒரு சொட்டு கொடுத்துப் பார்த்தேன். தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டாள்.

ஆச்சி: அவளுக்கும் ஊத்தியா கொடுத்தாய்!

தம்பி: ஊத்துதான். பரவாயில்லையே, பெயர்கூட உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆச்சி: ஊருக்கே தெரிந்திருக்கிறது, கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா?

தம்பி: தெரியட்டுமே, இதில் என்ன வெட்கம்? நாங்கள் நாலு பேர் காலையில் ஊருணிக் கரையில் சந்தித்தால் முதல் கேள்வியே இன்றைக்கு என்ன ஊத் என்பதுதான். நேற்று நான் அசாம், மேல வீட்டு அண்ணன் கம்போடியா. தேவகோட்டைக்காரர் மட்டும் பர்மா, அவரிடம் பழைய சரக்கு இருக்கிறது, 15 வருஷமாகப் பாட்டிலைத் திறக்காமல் வைத்திருந்தாராம்.

ஆச்சி: சரக்கு.

தம்பி: பழசாகப் பழசாக அந்தக் காரமெல்லாம் அடங்கி இதமாக இருக்கும்.

ஆச்சி: அப்பச்சி இதையெல்லாம் கேட்காமல் போய்ச் சேர்ந்தது நல்லதாகப் போயிற்று. செவ்வாய்க்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போது என் கண்ணாலேயே பார்த்தேன். பேரன் பேத்தி எடுத்த நாலு பேர், ஒருவர் கையை ஒருவர் பிடித்து மோந்து பார்க்கிறீர்கள். போலீஸ்காரன் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பான், இவர்கள் என்ன கையை மோந்து பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி: கையில்தானே போடுகிறோம்.

ஆச்சி: கையில் ஊத்தி நக்குகிறீர்களா? டம்ளருக்கு என்ன கேடு?

தம்பி: டம்ளரா? ஒரு சொட்டு ஆச்சி! ஒரே ஒரு சொட்டு. கால் தோலா பாட்டில் மூன்று மாதம் வரும்.

ஆச்சி: ஒரே ஒரு சொட்டு என்று சொல்லாத குடிகாரனை நான் பார்த்ததில்லை. ஆனால் குவார்ட்டர் மூன்று மாதம் வரும் என்று சொன்ன முதல் ஆள் நீதான்.

(இதையெல்லாம் முகப்புத் திண்ணையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டவன் நான். ஆச்சி பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், நடுநிலை வேண்டும் என்பவர்கள் தம்பியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். அந்த நாலு பேர் என்னையும் ஒருநாள் நிறுத்தி, மூக்குக்கு நேராகக் கையை நீட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். எண்ணெய் என்று சொன்னேன். அதற்கப்புறம் என்னைக் கண்டால் ஊருணியின் மறுபக்கமாகச் சுற்றுகிறார்கள்.)

தம்பி: ஐயையோ, குடிக்கிறது இல்லை ஆச்சி, பூசுகிறது! ஊத் என்றால் அத்தர் மாதிரி. மரத்தைக் காய்ச்சி இறக்குவது.

ஆச்சி: மரப்பட்டையைப் போட்டுக் காய்ச்சி இறக்குவதற்கு நம் பக்கத்தில் வேறு பெயர்.

தம்பி: மண எண்ணெய்! அசாமில் வளர்கிற மரம். பூச்சி துளைத்து, அந்த ஓட்டையில் பூஞ்சை பிடித்துவிட்டால், மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளே பிசின் சுரக்கும். அந்தக் கறுத்த கட்டைக்குத்தான் மணம், அதற்குத்தான் விலை. நோய் நொடி இல்லாத மரத்தை வெட்டிப் பாருங்கள், வெறும் வெள்ளைக் கட்டை, அடுப்புக்குத்தான் ஆகும்.

ஆச்சி: சீக்கு வந்தால் மரத்துக்கு விலை ஏறுகிறதா? எனக்கு முழங்காலில் நீர் கோத்து ஆறு மாதம் ஆகிறது, ஏன் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. எங்கே, கையைக் காட்டு.

தம்பி: மெதுவாக. மூக்கை ஒட்டி வைக்காதீர்கள், கொஞ்சம் தள்ளி. கண்ணை மூடுங்கள். என்ன தெரிகிறது?

ஆச்சி: மாட்டுத் தொழுவம்.

தம்பி: ஆச்சி!

ஆச்சி: கோபித்துக்கொள்ளாதே, மூக்குக்குப் பட்டதைச் சொன்னேன்.

தம்பி: கோபமா? முதல் தடவையிலேயே பிடித்துவிட்டீர்களே! மேல வீட்டு அண்ணனுக்கு அது பிடிபட ஆறு மாதம் ஆயிற்று. அசாம் ஊத்தின் அடையாளமே அதுதான், வளைகுடா நாடுகளில் இதை ஹிந்தி என்று கேட்டு வாங்குவார்கள். கட்டையைச் சில்லு சில்லாக்கி, தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, நன்றாகப் புளித்த பிறகு காய்ச்சுவதால் வருகிற மணம். முதல் அரை மணி நேரம் தொழுவம், அப்புறம் பதனிட்ட தோல், அப்புறம் புகை, பொழுது சாய்ந்தால் வெறும் மரம். என்ன ஒரு பயணம்!

ஆச்சி: ஊறப்போட்டு, புளிக்க வைத்து, காய்ச்சி இறக்கி, பாட்டிலில் அடைத்து, நாலு பேர் கூடி. நான் முதலில் சொன்னதில் என்ன தப்பு?

தம்பி: சரி விடுங்கள்.

ஆச்சி: என்ன விலை?

தம்பி: கால் தோலா 8,000.

ஆச்சி: முழுத் தோலா என்ன கனம்?

தம்பி: 11.66 கிராம்.

ஆச்சி: ஒன்றரைச் சவரனுக்குக் கொஞ்சம் குறைச்சல். ஆக 32,000 ரூபாய், தொழுவத்துக்கு. இதற்குத் தமிழில் பெயரே கிடையாதா, ஊத்து ஊத்து என்று மனிதரைக் கலங்கடிக்கிறாயே.

தம்பி: இருக்கிறது. அகில்.

ஆச்சி: அகில்கட்டையா! அதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? அப்பத்தா வெள்ளிக்கிழமை தலை முழுகினால் வளவில் உட்கார்ந்து, சாம்பிராணியோடு அகிலையும் சீவிப்போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்துக் கூந்தலை ஆற்றுவார்கள். புகை இரண்டாம் கட்டு வரைக்கும் வரும். அதற்காக அப்பத்தா தெருவில் இறங்கி, இன்றைக்கு என் தலை அகில், உன் தலை என்ன என்று கேட்டதில்லை. அப்பச்சியும் கல்யாண வீட்டில் அத்தர்ப் பஞ்சைக் காது மடலில் செருகிக்கொண்டு திரும்புவார்கள், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

தம்பி: பாருங்கள், நம் மண்ணின் பழக்கம்தான் இது. தொண்டிக்காரர்கள் கப்பலில் கொண்டு வந்த அகிலைப் பற்றிச் சிலப்பதிகாரத்திலேயே வருகிறது.

ஆச்சி: தொண்டிக்கு இங்கே பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். நீ எங்கேயிருந்து வரவழைக்கிறாய்?

தம்பி: துபாயிலிருந்து.

ஆச்சி: அசாமில் காய்ச்சியது துபாய்க்குப் போய், துபாயிலிருந்து நம் ஊருக்கு வருகிறது.

தம்பி: எடுத்தவுடன் அனுப்பிவிட முடியாது ஆச்சி, 1995-லிருந்து இந்த மரத்துக்கு உலக அளவில் கட்டுப்பாடு இருக்கிறது, காகிதம் இல்லாமல் நாடு விட்டு நாடு போகாது. அடுத்தது பர்மா ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். தேவகோட்டைக்காரர் கையில் மோந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

ஆச்சி: ஐயா பர்மாவில் விட்டுவிட்டு வந்ததே இன்னும் வசூலாகவில்லை, நீ இங்கிருந்து மேற்கொண்டு கட்டுகிறாயா?

தம்பி: அது வேறு கணக்கு. நல்ல கட்டை எது தெரியுமா? பிசின் ஏறிக் கனத்து, தண்ணீரில் போட்டால் மிதக்காமல் மூழ்கும். அதுதான் தரத்துக்கு அடையாளம்.

ஆச்சி: பர்மாவில் நம்முடையதும் அப்படித்தான் மூழ்கிற்று. தரமான பணம்.

தம்பி: உங்களிடம் பேச முடியாது. நாளைக்கு நான் எதைப் போட்டுக்கொண்டு போவது என்று யோசிக்க வேண்டும், எல்லாரும் கேட்பார்கள்.

ஆச்சி: கேட்பார்கள், சரி. மேல வீட்டு அண்ணனுக்குப் போன மாதம் கண்ணில் புரை அறுத்தார்களே, எப்படி இருக்கிறது?

தம்பி: அறுத்தார்களா?

ஆச்சி: தினமும் கையைப் பிடிக்கிறாய்.

தம்பி: கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கம்போடியாவுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆச்சி: காகிதம் என்றாயே, அதில் ஒன்று ஞாபகம் வருகிறது. எதிர்ச் சாரியில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாளே, அவள்மீது ஒரு மனு போயிற்று. சுகாதாரக் கேடு, துர்நாற்றம், குடியிருக்க முடியவில்லை, முகப்பில் உட்கார முடியவில்லை என்று நாலு பக்கம். முதல் கையெழுத்து யாருடையது?

தம்பி: அது... தெருவில் எல்லாரும் சேர்ந்து போட்டதுதான்.

ஆச்சி: எல்லாரும் என்றால் ஊருணிக் கரை நாலு பேர். எழுதினவன் நீ, உன் எழுத்து எனக்குத் தெரியாதா? துர்நாற்றத்துக்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தாய். அவள் இரண்டு நாள் உன் வாசலில் வந்து நின்றாள், நீ உள்ளேயிருந்து வரவே இல்லை. நான்தான் மோர் கொடுத்து அனுப்பினேன். அவள் வீட்டிலிருந்து வந்தால் துர்நாற்றம், துபாயிலிருந்து வந்தால் கண்ணை மூடச் சொல்கிறாய்.

தம்பி: இரண்டும் ஒன்றில்லை ஆச்சி. இதில் ஓர் ஆழம் இருக்கிறது, அடுக்கு அடுக்காக...

ஆச்சி: அங்கேயும் அடுக்கிதான் வைத்திருந்தாள், வரட்டியை. மாட்டை விற்று எட்டு மாதம் ஆயிற்று, பாக்கெட் பாலில் காபி குடித்துக்கொண்டிருக்கிறோம். கொட்டகை மட்டும் அப்படியே திறந்து கிடக்கிறது. துபாய்க்கு ஏன் பணம் கட்டுகிறாய்? காலையில் குளித்துத் துவட்டியதும் நேராக அங்கே போ, முளைக்குச்சியில் மணிக்கட்டை நாலு தேய் தேய்த்துக்கொண்டு ஊருணிக்குப் போ.

தம்பி: அங்கே இப்போது வாசமே இல்லை ஆச்சி.

ஆச்சி: உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: போன வாரம் போய்ப் பார்த்தேன்.