'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததா?

நம் மெஷினில் போர் (பாகத்துக்குள் குடையும் துளை) பெருத்து பீஸ்கள் ஸ்கிராப்பான அந்த ரிஜெக்‌ஷன் விவகாரம் இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ரிப்போர்ட்டில் கடைசியில் என்ன எழுதினார்கள்? மூல காரணம், ஆபரேட்டர் கவனக்குறைவு. நடவடிக்கை, மறுபயிற்சி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கவனக்குறைவு மூல காரணமே கிடையாது.

25 எச்7 போர், அதாவது 25 மி.மீ. துளை; எச்7 என்பது அதற்கு அனுமதித்த அளவு எல்லை. 25.000-க்கும் 25.021-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இன்சர்ட் (வெட்டும் முனை) தேயத் தேய போர் சிறுக்கும். அந்தத் தேய்மானத்தை ஈடுகட்ட கண்ட்ரோலில் கொடுக்கும் திருத்த அளவுதான் வேர் ஆஃப்செட். அதில் இருந்தது −0.060, 8 மைக்ரான் (0.008 மி.மீ.) கூட்டி −0.052 ஆக்க வேண்டும். ஆபரேட்டர் 0.008 அடித்துவிட்டு '+இன்புட்'டுக்குப் பதில் பக்கத்து 'இன்புட்'டை அழுத்திவிட்டார். '+இன்புட்' பழைய மதிப்போடு கூட்டும். 'இன்புட்' பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். போர் ஒரேயடியாக 68 மைக்ரான் பெருத்துவிட்டது. சிறுத்திருந்தால் திரும்ப ஓட்டியிருக்கலாம். பெருத்தால் ஸ்கிராப்தான்.

செக்கிங் 20 பீஸுக்கு ஒன்று என்று கண்ட்ரோல் பிளானில் (எதை, எப்போது அளக்க வேண்டும் என்ற திட்டத்தில்) போட்டது யார்? ஆஃப்செட் மாற்றினால் அடுத்த பீஸை அளந்துவிட்டுத்தான் மேலே ஓட்ட வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லையே!

"அப்போ ஆபரேட்டருக்குப் பொறுப்பே இல்லையா?" என்று வருவீர்கள். இருக்கிறது. ஆனால் கூலன்ட் படிந்த திரைக்கு முன்னால், நைட் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், யாருக்கும் விரல் தவறும். பத்து வருஷ அனுபவசாலிக்கும் தவறும். அதை மெஷின்தான் தடுக்க வேண்டும்.

கஸ்டம் மேக்ரோ (நாமே கணக்கும் நிபந்தனையும் எழுதும் வசதி) உள்ள ஃபனுக் மெஷின் கண்ட்ரோலில் இது நாலு வரி வேலை. மூன்றாம் நம்பர் டூலின் எக்ஸ் (விட்டத் திசை) வேர் மதிப்பு #2003 என்ற மாறியில் கிடைக்கும். சைக்கிள் முடிவில் அதை #503-ல் சேமித்து, அடுத்த சைக்கிள் தொடக்கத்தில் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 0.020-ஐத் தாண்டினால் #3000 அலாரம், மெஷின் நின்றுவிடும். இன்சர்ட் மாற்றும்போது பெரிய மாற்றம் வருமே என்றால், செட்டர் (மெஷினை அமைத்துக் கொடுப்பவர்) வந்து #503-ஐத் திருத்திவிட்டுப் போகட்டும். "அதுக்கெல்லாம் நேரம் எங்கே" என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. ரிப்போர்ட் எழுத அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

1961-ல் ஜப்பானிய இன்ஜினியர் ஷிகியோ ஷிங்கோ, ஸ்விட்சில் ஸ்பிரிங் போட மறக்கிறார்கள் என்பதற்காக யாரையும் திட்டச் சொல்லவில்லை. இரண்டு ஸ்பிரிங்கையும் முதலில் ஒரு தட்டில் எடுத்துவைக்கச் சொன்னார். ஒன்று மிஞ்சினால் கண்ணிலேயே படும்.

மறுபயிற்சிப் பதிவேட்டில் அந்த ஆபரேட்டர் பையன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். கண்ட்ரோல் பிளானில் கையெழுத்துப் போட்ட நம் ஆட்கள் பெயர் ரிப்போர்ட்டில் எங்கேயும் இல்லை. இன்ஜினியர்களாகிய நமக்கு இது உறுத்த வேண்டாமா? முதலில் அந்த நாலு வரியை ஏற்றுங்கள். பிறகு ரிப்போர்ட்டைத் திருத்தி, அவன் பெயரை எடுங்கள்.