பிலின்ஸ்கா அமர்ந்திருக்கும் அந்த நாற்காலி

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலந்து ஓவியம் என்றதும் வரலாற்றுக் காட்சிகளைப் பிரம்மாண்டமான திரைகளில் தீட்டிய யான் மத்தேய்கோவின் பெயரே முதலில் சொல்லப்படுகிறது. அந்த மரியாதைக்கு அவர் தகுதியானவர்தான். ஆனால், மனித முகத்தை வரைவது எப்படி என்று அந்தத் தலைமுறையிடம் கற்றுக்கொள்ள விரும்புகிறவர், முதலில் அன்னா பிலின்ஸ்கா 1887 இல் வரைந்த தன்னுருவ ஓவியத்தின் முன்தான் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. அது இன்று கிராக்கோவ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பாருங்கள். கறுப்பு உடை, அதன்மேல் வேலைக்கான மேலங்கி, கையில் தூரிகைகள். கூந்தல் படிய வாரப்படவில்லை. சில இழைகள் நெற்றியில் கலைந்து கிடக்கின்றன. வேலைக்கு நடுவே சற்று உட்கார்ந்தவரைப் போல அமர்ந்து நம்மை நேராகப் பார்க்கிறார். பின்னால் தொங்கும் துணியைக் கவனிக்கத் தவறிவிடக் கூடாது. ஓவியக்கூடங்களில் மாடலாக இருப்பவருக்குப் பின்னணியாக விரிக்கப்படும் துணி அது. அப்படியென்றால் அவர் அமர்ந்திருப்பது மாடலின் இடம். கையில் இருப்பதோ ஓவியரின் கருவி. பார்க்கப்படும் இடத்தில் உட்கார்ந்துகொண்டே பார்க்கும் உரிமையையும் கைவிடாத ஒரு பெண்ணை, இவ்வளவு குறைந்த பொருட்களைக் கொண்டு வேறு எவரும் அந்தக் காலத்தில் வரைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கறுப்பு உடைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்பது உண்மை. ஓரிரு ஆண்டு இடைவெளியில் தந்தை, நெருங்கிய தோழி, மணம் பேசியிருந்த ஓவியர் வோய்ச்செக் கிராபோவ்ஸ்கி என மூவரையும் இழந்தவர் அவர். அவரைப் பற்றி எழுதுகிற பலரும் இந்தத் துயரத்தில் தொடங்கி, 38 வயதில் நேர்ந்த மரணத்தில் முடித்துவிடுகிறார்கள். இதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ஓர் ஆண் ஓவியரைப் பற்றிப் பேசும்போது அவர் வரையும் கோடுகளையும் ஒளியையும் பேசிவிட்டு, பெண் என்றால் மட்டும் கண்ணீரைப் பேசுவது அவருடைய உழைப்பைக் கணக்கில் எடுக்காத பேச்சு.

அந்த உழைப்பு எளிதில் வந்ததன்று. வார்சாவில் ஓவியர் வோய்ச்செக் கெர்சனிடம் பயின்ற பிலின்ஸ்கா, 1882 இல் பாரிஸ் சென்று ஜூலியன் அகாடமியில் சேர்ந்தார். பிரெஞ்சு அரசின் நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களுக்குக் கதவைத் திறக்கவே இல்லை. தனியார் பள்ளியான ஜூலியனில் இடம் கிடைத்தது. உயிருள்ள மாடலைப் பார்த்து உடலமைப்பை வரையும் வாய்ப்பும் கிடைத்தது. ஆனால் கட்டணம் ஆண்களுக்கு வாங்கியதைப் போல இரு மடங்கு. அவர் பிறந்தபோது போலந்து என்ற நாடு வரைபடத்திலேயே இல்லை என்பதையும் இதனுடன் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட பின்னணியிலிருந்து வந்தவரின் தன்னுருவ ஓவியம்தான் 1887 ஆம் ஆண்டின் பாரிஸ் சலோன் கண்காட்சியில் பதக்கம் பெற்றது.

அவருடைய இன்னொரு படத்தையும் சொல்லியாக வேண்டும். 1884 இல், மாணவியாக இருந்தபோதே, கையில் விசிறியுடன் அமர்ந்திருக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணை வரைந்தார். அந்தப் பெண்ணின் தோலில் விழும் ஒளியையும், வேறெங்கோ நிலைத்திருக்கும் பார்வையையும் அவர் கையாண்ட விதத்தில், அயல்நாட்டு வேடிக்கைப் பொருளாக மனிதர்களைத் தீட்டிய அன்றைய வழக்கத்திலிருந்து விலகிய ஒரு மதிப்பு தெரிகிறது. இருந்தும் படத்தின் தலைப்பு அந்தப் பெண்ணின் இனத்தைத்தான் சொல்கிறது. அவருடைய பெயர் நமக்கு வந்து சேரவில்லை. என்னைப் பொறுத்தவரை, பிலின்ஸ்காவைப் போற்றுகிறவர்கள் இந்தக் குறையையும் சேர்த்தே பேச வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது வார்சாவிலிருந்து கொள்ளை போன இந்தப் படம், 2011 இல் பெர்லினில் ஏலத்துக்கு வந்தபோது அடையாளம் காணப்பட்டு, அடுத்த ஆண்டு வார்சா தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. அதே அருங்காட்சியகம் 2021 இல் அவருடைய படைப்புகளை ஒன்றுதிரட்டிப் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. அவர் இறந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் அது நடந்தது என்பதை நினைக்க வருத்தமாகவே இருக்கிறது.

1892 இல் மருத்துவரான அந்தோனி போடானோவிச்சை மணந்து வார்சா திரும்பிய பிலின்ஸ்கா, பாரிஸில் தான் பெற்றதைப் போன்ற பயிற்சியைத் தரும் ஓவியப் பள்ளி ஒன்றைப் பெண்களுக்காகத் தொடங்க எண்ணியிருந்தார். 1893 ஏப்ரலில் இதய நோய் அவரைக் கொண்டுபோனது. பள்ளி அமையவில்லை. ஆனால் 1892 இல் அவர் தொடங்கி முடிக்காமல் விட்ட மற்றொரு தன்னுருவ ஓவியம் இருக்கிறது. அதில் முகம் ஏறக்குறைய நிறைவு பெற்றிருக்கிறது. உடையும் பின்னணியும் வேகமான தூரிகை வீச்சுகளாகவே நின்றுவிட்டன. எதை முதலில் முடித்தார், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார் என்பது அந்தத் திரையிலேயே தெரிகிறது. ஓவியம் பயில்கிற நண்பர்கள் கழுத்து முடிந்து உடை தொடங்கும் அந்த எல்லையை மட்டுமாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.