மோட்டார் ரூம் சாவி கொடுப்பதற்கு முன்

தமிழ்நாட்டில் 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயரில் வாழ்விடம் வந்தாயிற்று. சென்னை பெரும்பாக்கம் மாதிரி வாரிய அடுக்குமாடிகளில் அந்த வாழ்விடத்தைத் தினமும் ஓட்டுகிறவர்கள் பம்ப் ஆபரேட்டர், லிஃப்ட் ஆபரேட்டர், பிளம்பர். நம் ஊரில் பயிற்சி என்றாலே அதிகாரிகளுக்கு ஏ.சி. ஹால், பவர்பாயிண்ட், மதியம் பிரியாணி. மோட்டார் ரூம் சாவி வைத்திருப்பவரை யாரும் கூப்பிடுவதில்லை.

தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் குளோரினையே எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 20 கிராம் குளோரின் வேண்டும். பிளீச்சிங் பவுடரில் குளோரின் கால் பங்கு என்று வைத்தால் 80 கிராம் பவுடர். ஆனால் பல இடங்களில் கைக்கு வந்ததை அள்ளி அப்படியே தூவிவிடுகிறார்கள். பவுடரில் உள்ள சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும். ஒரு வீட்டில் மருந்து நெடி மூக்கைத் துளைக்கும், இன்னொரு வீட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்கலாம். கடைசி வீட்டுக் குழாயில் பிடித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். வாய் கட்டாத மூட்டை மழைக்காலத்தில் ஈரம் குடித்து வீரியம் இழந்துவிடும், அப்போது அதே 80 கிராம் போதாது. சோதிக்காமல் இது தெரியவே தெரியாது. ஹாலில் சொன்னால் மறந்துபோகும், தொட்டி பக்கத்தில் ஒருமுறை கையால் கரைத்தவருக்கு மறக்காது.

லிஃப்ட் நடுவில் நின்றால் முதல் வேலை மெயினை ஆஃப் செய்வது. அடுத்தது உள்ளே இருப்பவருக்குக் குரல் கொடுத்து, கதவை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்வது. மெஷின் ரூம் உள்ள லிஃப்ட் என்றால் ஒருவர் பிரேக்கைத் தளர்த்த, மற்றவர் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றித் தளமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பேர் வேலை இது. இரவு ஷிஃப்டில் ஒருவரை மட்டும் போட்டால் அவர் என்ன செய்வார்? கதவை நெம்பி ஆளை வெளியே இழுப்பார். லிஃப்டுக்கு அடியில் திறந்து கிடக்கிற பள்ளம் அந்த அவசரத்தில் கண்ணுக்குப் படாது.

சுவர் ஓதமும் அப்படித்தான். எந்நேரமும் கசிந்தால் தண்ணீர் வரும் லைன், மேல்வீட்டில் குளிக்கும்போது மட்டும் கசிந்தால் கழிவு லைனோ பாத்ரூம் தரையோ. இதைக் கேட்காமல் சிமெண்ட் பூசினால் அடுத்த மாதம் அதே சுவர் ஊறும்.

சாக்கடை அடைப்புக்குப் பாடம் ஒரே வரி: குழிக்குள் யாரையும் இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், இறக்கியவருக்குச் சிறையோ அபராதமோ இரண்டுமோ.

பெரிய ஓட்டை ஒப்பந்தத்தில் இருக்கிறது. கான்ட்ராக்டர் மாறினால் ஆள் மாறுகிறார், கற்றதும் அவரோடு போய்விடுகிறது. ஆகவே டெண்டரிலேயே எழுதுங்கள்: புதிதாக வருபவர் உதவிப் பொறியாளர் முன்னால் ஒரு தொட்டிக்கு மருந்து கலக்கி, ஒரு லிஃப்டைக் கையால் இறக்கிக் காட்டிய பிறகே சாவி. குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவரும் கூட நிற்கட்டும். அந்தத் தேதியை மோட்டார் ரூம் கதவில் எழுதி ஒட்டட்டும்.