டார்வினைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்

ராயபுரத்தில் போன வாரம் ஒரு இலக்கியக் கூட்டம். பேச்சு எண்ணூர் மீனவர்கள் பக்கம் திரும்பியதும், நன்றாகப் படித்த நண்பர் ஒருவர், “காலத்துக்கேத்த மாதிரி மாறாதவங்க அழிஞ்சிதான் போவாங்க சார். பரிணாமம் சொல்றதே அதான்” என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு ஆறவே இல்லை.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்துக்குள் வந்ததே, நினைவிருக்கிறதா? படகு, வலை எல்லாம் தார் பூசினாற்போல ஆனது. மீனவர்களே தண்ணீரில் இறங்கி, முழங்கை வரை கறுத்துப்போய், மக்கில் மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். சூழலுக்குப் பொருந்திய உயிர்களே தப்பிப் பெருகும் என்கிற இயற்கைத் தேர்வு இதில் எங்கே வந்தது? அந்த எண்ணெய் மனிதர்களின் அலட்சியத்தால் வந்தது.

1859-இல் டார்வின் எழுதியது உயிரினங்கள் எப்படி மாறின என்பதைத்தான். யார் வாழத் தகுதியானவர் என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை. ‘தக்கன பிழைக்கும்’ என்பதே 1864-இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி சொன்னது. டார்வின் பிறகுதான் எடுத்துக்கொண்டார். இயற்கையின் பல்லிலும் நகத்திலும் ரத்தம் என்று கவிஞர் டென்னிசன் பாடியதும் டார்வின் நூலுக்கு முன்பே, 1850-இல்.

டார்வினுக்காக ஊரையே பகைத்துக்கொண்டவர் உயிரியலாளர் ஹக்ஸ்லி. அவரே 1893-இல் ஆக்ஸ்போர்டில் என்ன பேசினார் தெரியுமா? சமூகம் அறத்தில் முன்னேறுவது இயற்கையின் போக்கைப் பார்த்து நடப்பதாலும் இல்லை, அதைக் கண்டு ஓடுவதாலும் இல்லை, அதை எதிர்த்துப் போராடுவதால்தான் என்றார். அவரிடம் படித்த ஹெச்.ஜி. வெல்ஸ் 1895-இல் எழுதிய கால இயந்திர நாவலில், உழைக்கிறவர்கள் பூமிக்கடியில் தள்ளப்பட்டு, மனித குலமே இரண்டு இனமாகப் பிரிந்துபோகிறது. எண்ணூரில் சாம்பலையும் கொடுங்கையூரில் குப்பையையும் கொட்டி வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

எழுத்தாளர்கள் எல்லாரும் சரியாகப் பேசினார்கள் என்றும் சொல்ல மாட்டேன். இயற்கைத் தேர்வு மனசை வறட்டிவிடும் என்று 1921-இல் அவ்வளவு நீளமாக முன்னுரை எழுதிய நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா, ‘நல்ல பிறப்பு’ என்று சொல்லி யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்று பிரிக்கப் பார்த்த யூஜெனிக்ஸை ஆதரித்தார். அந்த யூஜெனிக்ஸை எதிர்த்து மறு வருஷமே புத்தகம் போட்டவர் எழுத்தாளர் செஸ்டர்டன்.

ரஷ்யச் சிந்தனையாளர் குரோப்போட்கின் எனக்கு மிகப் பிடித்தவர். விலங்குகளும் ஒன்றுக்கொன்று உதவித்தான் பிழைக்கின்றன என்று 1902-இல் நூலாகவே எழுதினார். ஆனால் அறத்துக்கு அந்தச் சாட்சியும் தேவையில்லை என்பதே என் கட்சி. 2015 வெள்ளத்தில் மீனவர்கள் படகைத் தெருவுக்குள் கொண்டுவந்து ஜனங்களை ஏற்றினார்களே, எறும்பையும் தேனீயையும் பார்த்தா வந்தார்கள்?

மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் பெரியாரின் ‘குடி அரசு’ இதழில் அறிவியலைத் தமிழில் எழுதியவர். 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவரும் அவர்தான். அறிவியலைப் படித்துவிட்டு எளியவர்களைக் கைவிட வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

நண்பரே, இதைப் படித்தால் பதில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் ஹக்ஸ்லியின் உரையை எடுத்துப் பேசுவோம். ஜெராக்ஸ் நான் எடுத்து வருகிறேன்.