வேர் தோண்டும் நாளைக் குறைக்காதீர்கள்

போன ஜூன் மாதம் அலாஸ்காவின் சிட்கா ஊருக்குப் பக்கத்தில் சிறுவர்களுக்கான பண்பாட்டு முகாம் ஒன்றில் சில நாட்கள் இருந்தேன். நண்பரின் குடும்பம் அங்கே கற்றுத்தருகிறது. பிள்ளைகளுக்கான பாடங்களில் ஒன்று மர வேரில் கூடை பின்னுவது. எனக்குச் சமையல் கொட்டகையில் கூடமாட ஒத்தாசை. முகாம் லிங்கித் மக்களுடையது. ஆங்கிலத்தில் 'கிளிங்கிட்' என்பார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது லிங்கித் என்று. தென்கிழக்கு அலாஸ்காவின் தீவுகளும் கடலோரக் காடுகளும் அவர்கள் மண். ஊர் திரும்பியதிலிருந்து ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

கடைசி நாள் பெற்றோரும் பண உதவி செய்பவர்களும் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருவர், "ஒரு வாரம் ஆச்சு, ஒரு கூடைகூட முடியலையே. அடுத்த வருஷம் சீவி வைத்த வேரையே வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் அந்த யோசனை தப்பு என்று நான் அழுத்தமாகவே சொல்வேன்.

அந்தக் கூடைக்கு வேண்டியது ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் வேர். மரத்தில் சாறு ஓடும் வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும்தான் பட்டை சுலபமாகக் கழலும். பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டே பாசியை விலக்கி, மண்ணுக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். கண்ணால் பார்த்து எடுக்கிற வேலை இல்லை இது. கிளை பிரியாமல் நேராக ஓடும் வேரை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். மரத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒரு மரத்தில் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, மண்ணையும் பாசியையும் பழையபடி மூடிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள். அப்புறம் நெருப்பில் வாட்டி, பிளந்த குச்சியின் இடுக்கில் கொடுத்து இழுத்தால் பட்டை மொத்தமாக உரிந்து வரும். ஈர மரமும் புகையும் கலந்த அந்த வாசனை என் ஸ்வெட்டரை விட்டு ஒரு வாரம் போகவில்லை.

அடுத்தது வேரைப் பிளப்பது. பதினோரு வயசுப் பெண் ஒருத்தி, ஒரு பாதியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறு பாதியைக் கையால் இழுத்தாள். பாதி தூரத்தில் பிளவு ஒரு பக்கமாக ஒதுங்கி, வேர் அறுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி பேசவே இல்லை. அவள் கையின் மேல் தன் கையை வைத்து, தடித்திருந்த பாதியைக் கொஞ்சம் அதிகமாக வளைத்தார். பிளவு நகர்ந்து நடுவுக்கு வந்துவிட்டது! அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். சீவி வைத்த வேரை வாங்கிக் கொடுத்திருந்தால் அந்த ஒரு நொடி அவளுக்குக் கிடைத்திருக்காது.

மொழியும் அங்கேதான் வந்தது. ஸ்ப்ரூஸ் வேருக்கு அவர்கள் சொல் 'ஹாத்'. சால்மன் மீனுக்கும் நம் காதில் 'ஹாத்' என்றே விழும். ஆனால் மீனுக்கு ஒலி தொண்டைக்குள் இன்னும் ஆழத்திலிருந்து பிறக்கிறது, குரலும் சற்று ஏறுகிறது. நம் ல, ள, ழ மாதிரி. தெரிந்தவர் காதுக்கு இரண்டும் வெகு தூரம். கையில் வேரும் பக்கத்துப் புகைக் கொட்டகையில் மீனும் இருந்ததால் பிள்ளைகள் சிரித்துச் சிரித்தே பிடித்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் இந்த மொழியைப் பேசிய பிள்ளைகளைத் தண்டித்தார்கள். 2014இல்தான் அலாஸ்கா இதை மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாகச் சேர்த்தது. சரளமாகப் பேசும் பெரியவர்கள் இன்று மிகச் சிலர்.

ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனைப் பிடிக்கும் மரத் தூண்டிலும் அப்படித்தான், கையால் செய்தே கற்க வேண்டும். அதன் இரண்டு கைகளில் ஒன்று மிதக்கிற மஞ்சள் சீடர் மரம், இன்னொன்று வேறு மரம், இரண்டையும் கட்டுவது இதே ஸ்ப்ரூஸ் வேர். செதுக்கிய உருவம் கீழே மீனைப் பார்த்து இருக்க வேண்டும். ரொம்பச் சின்ன மீன் இதில் மாட்டாது, முட்டையிடும் பெரிய தாய் மீனுக்கும் இது பொருந்தாது, நடுத்தரமானதுதான் வரும். இவ்வளவு அறிவு உள்ள ஒரு கருவி இன்று பெரும்பாலும் சுவரில் தொங்குகிறது. முகாமில் செதுக்கினால் அதை ஒரு தடவையாவது கடலில் இறக்கிப் பார்க்க வேண்டும் என்பேன்.

உருவங்களைப் பற்றியும் ஒன்று. கருப்புக் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும் லிங்கித் ஓவிய முறையில் வரையப் பழக்குவது சுலபம். ஆனால் குலச் சின்னம் ஒவ்வொன்றுக்கும் உரிமையுள்ள குலம் உண்டு. குலமோ அம்மா வழியில் வருவது. முன்பெல்லாம் பையன்களை வளர்த்துப் பழக்கியது தாய்மாமன்தான். 'இது யாருடையது' என்ற கேள்வியைச் சொல்லிக்கொடுக்காமல் கோடு போடுவதை மட்டும் சொல்லிக்கொடுப்பது அரைகுறைப் பாடம்.

நேரம் இல்லை, பெரியவர்களுக்கு வயசாகிறது, சீக்கிரம் நிறையப் பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் லிங்கித் நெசவாளர் ஜென்னி தலுனாட் அம்மையாரை நினைத்துப் பார்க்கிறேன். மலையாட்டு மயிரையும் சீடர் பட்டையையும் தொடையில் வைத்து முறுக்கி நெய்யும் சில்கட் போர்வை, ஒன்று முடிய ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அந்த நெசவு தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தபோது, 1985இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில் அலாஸ்காவின் ஹெயின்ஸ் ஊரில் அவர் வகுப்பு எடுத்தார். அடுத்த வருஷம் காலமானார். அவரிடம் படித்த கிளாரிசா ரிசால் 2016இல் மறையும் வரை நெய்தார், பலருக்குக் கற்றுக்கொடுத்தார். முழுசாகக் கற்ற சிலர் போதும், கலை தங்கிவிடும்.

அங்கூன் என்ற லிங்கித் கிராமத்தையும் சொல்ல வேண்டும். 1882 அக்டோபர் 26 அன்று அமெரிக்கக் கடற்படை அந்த ஊரைக் குண்டு போட்டு எரித்தது. குளிர்கால உணவும் படகுகளும் அழிந்தன, குழந்தைகள் செத்தார்கள். வெளியே போயிருந்த ஒரே ஒரு படகு மிஞ்சியது; அதை வைத்துத்தான் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தார்கள். கடற்படை மன்னிப்புக் கேட்டது 2024இல். அதற்கு முந்தின வருஷமே ஊர் மாணவர்கள், மூத்த சிற்பி வெய்ன் பிரைஸின் வழிகாட்டலில், முழு மரத்தைக் குடைந்து படகு செய்து கடலில் இறக்கியிருந்தார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றி, காய்ச்சிய கல்லைப் போட்டு, ஆவியில் மரம் இளகி விரிகிற பொழுதை அந்தப் பிள்ளைகளுக்கு யாராலும் கடையில் வாங்கிக் கொடுத்திருக்க முடியாது.

பணம் கொடுக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: முடிந்த கூடைகளை எண்ணாதீர்கள். காட்டுக்குப் போன நாட்களை எண்ணுங்கள். முடிந்தால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக் கொடுங்கள்.

கிளம்பும்போது அந்தப் பதினோரு வயசுக்காரி, பிளந்த வேர்களை வளையமாகச் சுற்றிக் கட்டி மடியில் வைத்திருந்தாள். கூடை ஆரம்பிக்கக்கூட நேரம் இருக்கவில்லை. "அடுத்த வருஷம் வரைக்கும் இது கெட்டுப்போகாதா?" என்று பாட்டியைக் கேட்டாள்.

"காய வைத்துப் பத்திரமா வை. வந்ததும் தண்ணியில் ஊறப் போடலாம்" என்றார் பாட்டி.