உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

பிறப்புப் பதிவேடுகளைத் தேடி வம்சாவளி தயாரிப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். முறையை நன்றாக விளக்குகிறது. ஆனால் கிடைத்ததையெல்லாம் சொந்தபந்தங்களுக்குப் பகிரலாம் என்று அது சொல்லும் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கள் பங்காளி வீட்டார் கோயில் கொடைக்கு ஆறு தலைமுறை வம்சாவளியை ஃப்ளெக்ஸ் அடித்து வைத்தார்கள். பெரிய உழைப்புதான், மறுக்கவில்லை. அதில் சித்தி பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'சுவீகாரம்', அதாவது தத்து, என்று இருந்தது. பதிவேட்டில் அப்பா பெயர் வேறாக இருந்ததாம். சித்திக்கு 58 வயது. அதுவரை அவருக்கே தெரியாது. கையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் வெகுநேரம் நின்றார். அப்புறம் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனால் யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

ஸ்காட்லாந்தில் பிறப்புப் பதிவின் நகலை இணையத்தில் பார்க்க 100 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50. பிறப்புக்குத்தான் நீண்ட காலம், ஏனென்றால் அந்தக் குழந்தை இன்னும் உயிரோடு இருக்கலாம். நம் நாட்டின் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமும் இறப்புப் பதிவின் நகலில் இறப்புக்கான காரணத்தை வெளியிடக் கூடாது என்கிறது. பிறப்பு விவரத்துக்கும் அந்த அக்கறை வேண்டாமா?

நானும் வம்சாவளி எழுதுகிறேன். இருப்பவர்களுக்குப் பெயர் மட்டும்தான். பிறந்த தேதி, பெற்றோர் விவரமெல்லாம் தனி நோட்டில் இருக்கிறது. அவரவர் சரி என்றால்தான் சேர்ப்பேன். சித்தியின் பக்கத்தை இன்னும் எழுதவில்லை.